டர்போவுக்குப் பூ கேட்டது

இருநூற்றைம்பது குதிரைச் சக்தி. அதற்கு ஒரு குதிரை குறைந்தாலும் அது கார் இல்லை, சக்கரம் வைத்த சோபா என்று பாலுசாமி முடிவு கட்டிவிட்டார்.

வண்டி என்னவோ நல்ல வண்டிதான். கம்பெனியிலிருந்தே டர்போவோடு வந்தது. நூற்றிருபது குதிரை. ஆனால் உக்கடத்து மெக்கானிக் தல்ஹா ஒரு நாள் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இஞ்சின் தூங்கிட்டு இருக்குதுங்கண்ணா, எழுப்பி உட்டாப் பறக்கும்" என்றான். அன்றோடு பாலுசாமியின் தூக்கம் போனது. பெரிய டர்போ, பெரிய இண்டர்கூலர், அடி தாங்குகிற பிஸ்டன் என்று குளிக்கும்போதும் முணுமுணுத்தார். சாமி கும்பிடும்போது முருகன் பேருக்கு நடுவே ஒரு எக்ஸாஸ்ட்டும் வந்தது.

மனைவி ராமாமணி மட்டும் அசையவில்லை.

"இப்ப எத்தன குதிரைங்க இருக்குது?"

"நூத்தியிருவது, அம்மணி."

"அதுல எத்தனைய அவுத்து உட்டிருக்கறீங்க? அவிநாசி ரோட்டுல சிக்னலுக்குச் சிக்னல் கட்டித்தானுங்க போடறீங்க."

"மேம்பாலத்துல போலாமில்ல?"

"எறங்குனா மறுக்கா சிக்னல்தானுங்க."

"பவருங்கறது உனக்குப் புரியாது."

"பக்கத்து சீட்டுல உக்காந்தா இப்பவே வகுறு கலங்குது, அது புரியுதுங்க. இன்னும் குதிரையச் சேத்தினீங்கன்னா நான் பஸ்ஸுல வாரேன். நீங்க குதிரைகளோட வாங்க."

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அவர்கள் குடும்பத்தில் தோட்டத்தில் போர்வெல் போடுவதானாலும் பெண் எடுப்பதானாலும் குலசாமியிடம் பூ கேட்காமல் நடக்காது. வெள்ளைப் பூ ஒரு பொட்டணம், சிவப்புப் பூ ஒரு பொட்டணம். அம்மன் காலடியில் வைத்து, நினைத்ததைச் சொன்னால், பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் வாயை மூடிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

"ஆத்தா செரின்னா நீ ஒத்துக்குவியா?"

"ஆத்தாளுக்கு மேல நான் யாருங்க?"

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே என்று அவர் அங்கேயே அதிர்ந்திருக்க வேண்டும். மாறாக, பெருந்தன்மை பொங்கிவிட்டது.

"அப்ப நீயே கேளு. பொட்டணம் மட்டும் நான் கட்டிக்கறேன்."

கட்டினார். ஒன்றில் மல்லி வைத்தார். இன்னொன்றிலும் மல்லி வைத்தார். பறித்து வைத்திருந்த செவ்வரளியைக் காம்பவுண்டுக்கு வெளியே எறிந்தார். ஆத்தாளை ஏமாற்றுவதாக அவர் நினைக்கவில்லை; முடிவெடுக்கிற சிரமத்தைக் குறைத்துக் கொடுப்பதாகவே நினைத்தார்.

கிணத்துக்கடவு தாண்டி, தென்னந்தோப்புக்குள் கோவில். பூசாரி ரங்கராஜ் இரண்டு பொட்டணங்களையும் அம்மன் காலடியில் வைத்தார்.

"நெனச்சத வாய் உட்டுச் சொல்லுங்கம்மணி."

ராமாமணி கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

"ஆத்தா, இந்த டர்போ வண்டிய வித்துப்போட்டு, நானே ஓட்டறாப்பல கியர் போடாத சின்ன வண்டி ஒண்ணு வாங்கலாமா? சம்மதம்னா வெள்ளையக் குடு."

பாலுசாமிக்குக் காது அடைத்தது. தென்னை மரங்கள் ஒரு சுற்று சுற்றி நின்றன.

"இருங்க, இருங்க. கேள்வி மாறிப்போச்சுங்க."

"நீயே கேளுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

"கேட்டது கேட்டதுதானுங்க" என்றார் பூசாரி. "ஆத்தாகிட்ட வாபஸெல்லாம் கெடையாது."

உண்மையைச் சொன்னால் வண்டி பிழைக்கும். ஆனால் ஆத்தாள் முகத்துக்கு நேரே, பூசாரி சாட்சியாக, இரண்டிலும் மல்லிதான் என்று எந்த வாயால் சொல்வது? 

பூசாரி ஒன்றைப் பிரித்தார். வெள்ளை.

"உத்தரவு ஆயிருச்சுங்க. மத்ததையும் பிரிச்சுக் காட்டிப்போடறனுங்க" என்று கையை நீட்டினார்.

பாலுசாமி பாய்ந்தார். எந்த டர்போவும் தராத வேகத்தில் அந்தப் பொட்டணத்தைப் பிடுங்கிச் சட்டைப்பையில் திணித்தார்.

"வேண்டாங்க. ஆத்தா சொல்லியாச்சு. அதுக்கு மேல சோதிக்கக் கூடாதுங்க."

"பக்தி சாஸ்திங்க இவருக்கு" என்றாள் ராமாமணி பூசாரியிடம்.

திரும்பும்போது பாலுசாமி முப்பதைத் தாண்டவில்லை. லாரிகள் முந்தின, டிராக்டர் முந்தியது. பக்கத்தில் ராமாமணி கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, பிரசாத மல்லியைக் கொண்டையில் செருகிப் பார்த்தாள். திருப்தி வரவில்லை.

"ஏனுங்க, உங்க பாக்கெட்டுல இருக்கற மல்லியையும் குடுங்க. ரெண்டையும் சேத்தாத்தான் தலைக்குக் காணும்."