மூக்கம்மாளின் பிரஷர்

கணக்குப்படி மூக்கம்மாள் வருகிற தீபாவளிக்குள் செத்துப்போக வேண்டும்.

சின்னமுத்து ஸ்கேலை நகர்த்தி இன்னொரு முறை கோடு போட்டுப் பார்த்தான். அவளுடைய பிரஷர் கோடு கொஞ்சமும் இரக்கமில்லாமல் இறங்கி, ஐப்பசியில் பூஜ்யத்தைத் தொட்டது. அந்த மூக்கம்மாளோ இன்று காலைகூட ஏலக்காய் எடுக்கப் போயிருப்பதாகக் கங்காணியின் வருகைப் பதிவு சொன்னது.

சித்தூர் காலேஜில் புள்ளியியல் படித்த கையோடு, கம்பம்மெட்டுக்குப் பக்கத்து ஏலத்தோட்ட ஆஸ்பத்திரிக்கு அவன் வந்து ஒரு வருஷம் ஆகிறது. ரத்தக்கொதிப்புக்கு ஒரு புது மாத்திரை. அதை இருபது தொழிலாளர்களுக்குக் கொடுத்து, மாதாமாதம் முதல் திங்கட்கிழமை பிரஷர் அளந்து, குறைகிறதா என்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை டாக்டர் சரஸ்வதியம்மாள் வருகிறார். அறிக்கை பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் ஊருக்குப் போய் அண்ணனோடு தேங்காய் எண்ண வேண்டியதுதான். அதற்குப் பட்டம் எதற்கு என்று அண்ணன் இப்போதே கேட்க ஆரம்பித்திருந்தார்.

முதல் திங்கட்கிழமை என்பது டாக்டரம்மாவின் ஆசை. தோட்டத்து ஜனங்களுக்கு வேறு ஜோலி இருந்தது. முதல் மாதம் நான்கே பேர் வந்தார்கள். பதறிப்போன சின்னமுத்து, அளக்க வந்தால் ஒரு டின் பால்மாவு என்று அறிவித்தான். அதற்கப்புறம் ஒரே வாரத்தில் மூன்று தடவைகூட வந்தார்கள். காய் எடுப்பு மும்முரமானபோது இரண்டு மாதம் எட்டிப் பார்க்காமல், கார்டில் மாதக் கட்டங்களைக் காலியாக விட்டார்கள்.

அளப்பவர் கம்பவுண்டர் சுவக்கீன். மருந்து கொடுக்கும் சன்னல் வழியாக ஒரு கையும் ஒரு கார்டும் உள்ளே வரும். கையில் பட்டையைச் சுற்றுவார், கார்டில் எழுதுவார், டின்னைக் கொடுப்பார். அதற்கு மேல் தலைநிமிர்வது அவர் வழக்கமில்லை.

"வெறுங் கட்டத்துல முந்தின அளவையே எழுதிருங்க தம்பி. கட்டத்துக்கு என்ன தெரியப் போவுது?" என்றார் அவர்.

எழுதினான். அழகுமலையின் கார்டில் பங்குனியில் இருநூறு இருந்தது, அப்புறம் ஐந்து மாதம் காலி. ஐந்து மாதமும் இருநூறிலேயே நின்றார் அழகுமலை. மொத்தத்தில் மாத்திரை தின்றால் கொதிப்பு ஏறும் என்று விடை வந்தது.

"கெட்டுதுங்க" என்று அழித்தான்.

பிறகு மாதத்தை விட்டுவிட்டு, எத்தனையாவது நாளில் அளந்தார்களோ அந்த நாளையே வைத்து ஒரு நேர்கோடு போட்டான். அடுத்த வருஷம் எப்படி இருக்கும் என்று டாக்டரம்மா கேட்பாரே என்று அதை நீட்டியதுதான் வினை. கணக்கில் மூக்கம்மாள் போய்விட்டாள்.

சோறும் இறங்கவில்லை. அவனுக்குச் சமைக்கும் ஞானஜோதியின் குழம்பு வேறு நாளுக்கொரு ருசியில் இருந்தது. கேட்டால், "நேத்து எனக்குப் பதிலா கத்தரீனா வந்து ஆக்குனா சார்" என்பாள். தோட்டத்தில் அதெல்லாம் சகஜம்.

கடைசி அஸ்திரமாக, ஒவ்வொருவருக்கும் தனித் தொடக்கம், தனிச் சரிவு என்று இருபது கோடு போட்டு, அதிக தடவை வந்தவருக்கு அதிக மதிப்புக் கொடுத்து எல்லாவற்றையும் சேர்த்தான். மூன்று நாள் பெருக்கி வகுத்ததில் விரல் வீங்கியது. விடையைப் பார்த்ததும் முகமும் வீங்கியது.

"ஏனுங்க, ஆளுக்கு ஆள் வித்தியாசமே இல்லீங்க. ஆனா ஒவ்வொரு ஆளுக்குள்ளயும் இருபது ஆள் வித்தியாசம் இருக்குதுங்க!"

சுவக்கீன் யோசித்தார். "மனுசப் பொறப்பே அப்படித்தானே தம்பி?"

வேறு வழி தெரியாமல், மலைக்காற்றும் மூடுபனியும் சேர்ந்து ரத்தத்தை ஆட்டுவிக்கின்றன என்று எழுதி அறிக்கையை முடித்தான். எழுதும்போது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்த சரஸ்வதியம்மாள் அறிக்கையைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"இது புது வியாதி! டெல்லி மாநாட்டில் படிக்கப் போகிறேன். உன் பெயரும் வரும். வேலையைப் பற்றி இனி நீ கவலையே பட வேண்டாம்."

சின்னமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தேங்காய்கள் எங்கோ தூரத்தில் உருண்டு போயின.

"யாருக்கு ரொம்ப ஆடுகிறது? மூக்கம்மாளா? நானே ஒரு தடவை அளந்து பார்க்கிறேன்."

தேடிப் போகவே வேண்டியிருக்கவில்லை. சன்னலில் ஒரு கை நீண்டது, அதில் மூக்கம்மாளின் கார்டு.

"உள்ளே வாம்மா" என்று டாக்டர் கதவைத் திறந்தார். இடுப்பில் குழந்தையோடு ஓர் இளம்பெண் உள்ளே வந்தாள். டாக்டர் கார்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வயது அறுபத்திரண்டு என்று போட்டிருக்கிறதே?"

"அது மூக்கம்மா அத்தைக்கும்மா. அவுக கம்பத்துக்கு மக வீட்டுக்குப் போயி வருசமாச்சு, கங்காணி பேரு கூப்பிட்டா அவுகளுக்குப் பதிலா அழகுத்தாய் நின்னுக்கிடுவா" என்றாள் அவள். "நான் பூமாரி. கார்டு அம்புட்டையும் ஒரு கூடையில போட்டு, இருபது வீடும் முறை வச்சுப் பால்மாவு வாங்குறோம். இன்னைக்கு எங்க வீட்டு முறை, கைக்கு வந்தது அத்தை கார்டு!"