மைத்துனன் போக்கர் ஆட இடம் பார்த்த விவரம்

தேரா, துபாய்
13-10-1977

சிரஞ்சீவி ரகுநாதனுக்கு அத்தான் பத்மநாபன் ஆசீர்வதித்து எழுதுவது.

இங்கே நானும் உன் அக்காவும், ஜலஜாவும் மாப்பிள்ளை முத்துராமனும், பத்து மாதப் பேத்தியும் வெயிலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். திருச்சியில் நீயும் மீனாம்பாளும் உன் கிளப்பும் அதேபோல் இருக்க வேண்டுகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு ஒரு வயது முடிவதற்குள் காது குத்தியாக வேண்டும் என்பது உன் அக்கா பிரபாவதியின் பிடிவாதம். ஜலஜாவுக்கு உடன்பிறந்தவன் இல்லை. ஆகவே அவளுக்கு மாமனான நீதான் குழந்தைக்கும் தாய்மாமனாக இருந்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளை உனக்கு விசாவும் வாங்கிவிட்டார். நீ எழுதியிருப்பதோ இப்படி: "காட்மாண்டு போய் காசினோ போக்கர் ஆடிவிட்டு வந்ததிலிருந்து கிளப் ரம்மி சப்பென்று ஆகிவிட்டது அத்தான். துபாயில் பழைய டவுன் பக்கம் போக்கருக்கு உகந்த இடம் எது என்று தாங்களே நேரில் பார்த்து எழுதவும். இல்லையென்றால் நண்பர்களோடு மறுபடி காட்மாண்டு போகிறேன். காது எங்கே போய்விடப் போகிறது." உன் அக்கா இதைப் படித்தாள். அன்று குழம்பில் உப்பு இல்லை, மறுநாளும் இல்லை. எனவே இடம் பார்க்கப் புறப்பட்டேன்.

எனக்குப் போக்கர் தெரியாது. ஆனால் கணக்கு வாத்தியாராக இருந்தவரை வருடந்தோறும் பரீட்சை சென்டர் பார்த்தவன். காற்றோட்டம், வெளிச்சம், குடிதண்ணீர், பக்கத்திலேயே கழிப்பிடம் இவை இருந்தால் எந்தப் பரீட்சையும் எழுதலாம். சீட்டுக்கும் அதுவே போதும் என்று வைத்துக்கொண்டேன். மாப்பிள்ளையிடம் மட்டும் முதலில் கேட்டேன். அவர் சாப்பிட்ட கையோடு எழுந்து நின்று, "மாமா, இங்க காசு வெச்சு ஆடினா கேஸு, வக்கீலுன்னு ஒண்ணும் கெடையாது. நேரா ஏர்போர்ட்தான். எனக்கு விசா குடுத்த கஃபீல் பேரும் கெட்டுடும்" என்றார். நான் ஆடப்போவதில்லை, பார்க்கத்தான் போகிறேன் என்றேன். உதாரணமாக, கிணற்றின் ஆழம் பார்ப்பவன் அதில் விழ வேண்டியதில்லை. அவருக்கு இந்த உதாரணம் பிடித்ததாகத் தெரியவில்லை.

முதலில் படகுத்துறை அருகே கீழக்கரை மீராசா வைத்திருக்கும் டீக்கடைக்குப் போனேன். நீண்ட பெஞ்சு, இரண்டு மின்விசிறி, மண்பானைத் தண்ணீர் என்று எல்லாம் இருந்தன. விஷயத்தைச் சொன்னதும் மீராசா கிளாஸைக் கீழே வைத்தார். "வாத்தியாரே, இந்தக் கடையில சீனி கூடக் கொறையப் போட்டதுக்கே நாலு பேரு பேச்சுவார்த்த இல்லாம இருக்கான். இதுல சீட்டு வேறயா? மாஃபி, கெடையாது. தாயம் கூட மாஃபி. உங்க மச்சினனுக்கு வேணும்னா ரெண்டு டீ ஓசியில தாரேன்." மரியாதையாகத்தான் சொன்னார். டீயை நீ வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்து, க்ரீக் என்கிற கடற்கழியின் கரையில் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஓட்டல் ஒன்று. வேட்டியோடு போய் வரவேற்பு மேசையில், "இங்கே போக்கர் எந்த அறையில் நடக்கிறது?" என்று பள்ளிக்கூடக் குரலில் கேட்டேன். மேசையிலிருந்த மலையாளப் பையன் என் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் அழைத்துப் போனான். "சாரே, ஆ வார்த்த இங்க சொல்லக் கூடாது. சீட்டுதானே பாக்கணும்? மாடிக்குப் போங்க, சத்தமில்லாம போங்க." மாடியில் வயதான ஆங்கிலேயப் பெண்மணிகள் நால்வர் நால்வராக உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் கணக்கு வாத்தியார் என்று தெரிந்ததும் புள்ளிகள் எழுத உட்கார வைத்தார்கள். வெள்ளரிக்காய் வைத்த ரொட்டியும் கொடுத்தார்கள். போக்கர் இவ்வளவு அடக்கமான ஆட்டமா, ரகுநாதனை வீணாகச் சந்தேகித்தோமே என்று மனம் நெகிழ்ந்து வீட்டுக்கு வந்தேன். அது பிரிட்ஜ் என்ற வேறு சீட்டாட்டம் என்று இரவுச் சாப்பாட்டின்போது மாப்பிள்ளை சொன்னார். அடுத்த வாரமும் என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். உனக்கு அது ஆகாது.

மூன்றாவதாகப் போனதுதான் நைஃப் தெருவில் ஒரு பழைய வீட்டின் மாடி அறை. கட்டட வேலை செய்யும் நம்மூர் ஆட்கள் எட்டுப் பேர் அடுக்குக் கட்டில்களில் இருக்கிறார்கள். கீழே காய்கறிக்கடையில் முனியசாமி என்பவரைப் பார்த்துப் பேசியபோது, "எங்க ரூம்ல ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போக்கர் உண்டு சார்" என்றார். சைட்டில் இருந்த ஸ்காட்லாந்து ஃபோர்மேன் ஊருக்குப் போகுமுன் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனதாம். கேட்டதும் எனக்கு ஏர்போர்ட்தான் கண்முன் வந்தது. அவர் சிரித்தார். அங்கே காசு வைப்பதில்லை, டூட்டிதான் வைப்பார்களாம். சமையல், பாத்ரூம் கழுவுவது, மாடிக்குத் தண்ணீர் தூக்குவது என்று அந்த வாரத்து அறை வேலைகளை வைத்து ஆடுவார்கள். தோற்றவன் செய்ய வேண்டும். எந்த டூட்டி என்பதை ஜெயித்தவன் சொல்லலாம். சட்டத்துக்கும் விரோதமில்லை, அறையும் சுத்தமாக இருக்கிறது. என் பள்ளிக்கூடத்தில் இந்த யோசனை யாருக்கும் தோன்றாமல் போனதை நினைத்துக்கொண்டேன்.

பார்க்கத்தான் போனேன், ரகுநாதா. ஆனால் எட்டுப் பேர் எழுந்து நின்று, இருந்த ஒரே நாற்காலியைப் போட்டு, "சார், ஒரு கை உக்காருங்க" என்றால் எப்படி மறுப்பது? ஆட்டத்தில் ஒவ்வொருவரும் தன் பங்கை உயர்த்திவிட்டு என்னைப் பார்த்து, "சார், நீங்க?" என்பார்கள். பந்தியில் இலைக்கு முன் கரண்டியோடு நிற்பவரிடம் வேண்டாம் என்று சொல்வது எனக்குப் பழக்கமில்லை. "சரி, போடுங்கள்" என்றேன். பொன்னுச்சாமி என்ற புதுக்கோட்டைக்காரர் மேலும் உயர்த்தினார். அதற்கும் சரி என்றேன். என்னிடம் இருந்த சீட்டுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்பது பிறகுதான் தெரிந்தது. அதாவது, வாத்தியாருக்கு மரியாதை செய்வதாக அவர்களும், மரியாதைக்குப் பதில் மரியாதை செய்வதாக நானும் ஆடியதில், அன்று சாயந்திரத்துக்குள் ஒரு வாரச் சமையலும், பாத்ரூமும், தண்ணீரும் என் தலையில் விழுந்துவிட்டன.

பேச்சுவாக்கில் நான் எஞ்சினியர் முத்துராமனின் மாமனார் என்பது வெளிப்பட்டது. அவர்களில் பாதிப் பேர் அவருடைய சைட்டில்தான் வேலை செய்கிறார்கள். "சார், நாங்க வெளயாட்டுக்கு..." என்று பொன்னுச்சாமி சீட்டைக் கலைக்கப் போனார். தோற்றது தோற்றதுதான், பரீட்சையில் ஃபெயிலானவனை அப்பா பெயர் கேட்டு பாஸ் போட முடியுமா என்றேன். கடைசியில் பாத்ரூமையும் தண்ணீரையும் அவர்கள் தள்ளுபடி செய்தார்கள். சமையலை நான் விடவில்லை. நமக்கோ சைவச் சமையல்தான் தெரியும். ஐந்து நாளாக சாம்பார், கூட்டு, ரசம். நேற்று முனியசாமி தட்டைப் பார்த்துக்கொண்டே, "இதுல கஷ்டம் என்னன்னா சார், நல்லா இருக்கு. குத்தம் சொல்லவும் முடியல, மீன் திங்கவும் முடியல" என்றார். "டேய், சாரு காதுல விழுதுடா" என்று பொன்னுச்சாமி அதட்டினார். "விழட்டும்ணே, பெரியவங்கதானே, ஒரு வழி சொல்லட்டும்."

வீட்டில், தினமும் பிரிட்ஜ் புள்ளி எழுதப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். கையில் பெருங்காயம் மணப்பதை உன் அக்கா இன்னும் கேட்கவில்லை. முந்தாநாள் மாப்பிள்ளை சைட் விஷயமாக அந்த அறைக்கே வந்து கதவைத் திறந்தார். நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், எட்டுப் பேரையும் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். வீட்டில் இதுவரை அதைப் பற்றிப் பேசவில்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளை.

ஆக, என் முடிவு நைஃப் மாடி அறை. ஒரே மின்விசிறிதான், ஆனால் காற்றோட்டம் உண்டு, மனிதர்கள் உண்டு. உடனே புறப்பட்டு வா. உன் மடியில் வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும், வேறு மடியை உன் அக்கா ஏற்கமாட்டாள். மீனாம்பாளுக்கு எங்கள் அன்பு. உன் கிளப் நண்பர்களுக்கும் நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
பத்மநாபன்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். அவர் அதைக் காரிலேயே வைத்து மறந்துவிட்டார். அதற்குள் நண்பர்களோடு காட்மாண்டு புறப்படுவதாக உன் தந்தி வந்துவிட்டது. உன் அக்கா தந்தியைப் படித்துவிட்டு அடுப்பையே பற்ற வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி நைஃப் போனேன். இந்தமுறை நல்ல சீட்டு வராதபோது, "வேண்டாம், போதும்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். கடைசிக் கையில் பொன்னுச்சாமியும் நானும் மிஞ்சினோம். அவரிடம் மூன்று ராஜா, என்னிடம் நான்கு ஒன்பது, ஜெயித்தது நான். "சொல்லுங்க சார், என்ன டூட்டி?" என்றார். என் பேத்திக்குத் தாய்மாமனாக உட்கார்ந்து மடியில் வைத்துக் காது குத்த வேண்டும் என்றேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. "சார், நான் வேற ஆளுங்க. வீட்டம்மா ஒத்துக்குவாங்களா?" முனியசாமி சீட்டை அடுக்கிக்கொண்டே, "தோத்தவன் பேசக் கூடாதுண்ணே" என்றார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன், பெருங்காயம் உட்பட. பிரபாவதி, "அவருக்கு அக்கா தங்கச்சி உண்டாங்க?" என்றாள். மூன்று தங்கைகள், ஆனால் அவர்கள் பிள்ளைகள் ஒருவருக்கும் காது குத்தும்போது இவர் ஊரில் இல்லை என்றேன். "அப்ப நல்லாப் பிடிச்சுக்குவாரு" என்றாள்.

நேற்று நல்லபடியாக நடந்தது. தங்கக்கடைத் தெரு ஆசாரி வந்து குத்தினார். எட்டுப் பேரும் சீர் கொண்டுவந்தார்கள்: ஆரஞ்சுப் பொடி, பால் பவுடர், ஜப்பான் நைலான் கவுன். குழந்தை ஒருமுறை வீறிட்டுவிட்டுப் பொன்னுச்சாமியின் சட்டைப் பட்டனைப் பிடித்துக்கொண்டது. அவர் எழுந்திருக்கவே இல்லை, நாங்களும் எழுப்பவில்லை. முறைப்படி மாப்பிள்ளை இனி அவரை மச்சான் என்றுதான் கூப்பிட வேண்டும். சைட்டில் எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.

ஆகையால் மேலே எழுதியதைப் பொருட்படுத்தாதே. நிதானமாகக் காட்மாண்டு போய்விட்டு வா. திரும்பியதும் உன் அக்காவுக்கு ஒரு கடிதம் போடு. அதில் குழந்தையின் தாய்மாமனையும் நலம் விசாரித்து எழுது, அதுதான் மரியாதை.