பக்கத்து சீட்டு

காரில் புது சீட்டைப் பொருத்தி முடித்ததும் மெக்கானிக் தானே அதில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். தலை கூரையில் முட்டியது. கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, "கொஞ்சம் இப்படி உட்கார்ந்தா ஜம்முனு இருக்கு சார்" என்றார்.

"என் வீட்டுக்காரி உங்களைவிட உயரம்" என்றார் லிஃப்ட் ஆய்வாளர்.

கம்பெனி ஷோரூமில் சொன்ன விலையைக் கேட்டு மிரண்டு, வேறு ஏதோ வண்டிக்குச் செய்த சீட்டை வெளி மார்க்கெட்டில் பிடித்து, கூலி குறைவென்று இந்தத் தகரக் கொட்டகைக்கு ஓட்டி வந்தது அவருடைய சொந்த மூளைதான். அதனால் யாரையும் நொந்துகொள்ள முடியவில்லை.

மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போய் மாதக்கணக்காகிவிட்டது. போகும்போது சண்டை சச்சரவு எதுவும் இல்லை. "இனிமே உங்க பக்கத்துல உட்கார்ந்து வர என்னால முடியாது" என்று மட்டும் சொன்னாள். இதை வைத்துக்கொண்டு ஆய்வாளர் மண்டையைக் குடைந்தார். அவர் தொழில் அப்படி. ஒரு கட்டடத்திலிருந்து புகார் வந்தால், புகாரில் சொன்ன உறுப்பைப் போய்ப் பார்ப்பார், தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்வார், அத்தோடு விஷயம் முடிந்தது. காரின் பக்கத்து சீட்டை அழுத்திப் பார்த்தார். ஸ்பிரிங் உண்மையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பாவி, இத்தனை வருஷமாக இதிலா அவளை உட்கார வைத்தோம் என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மெக்கானிக் சீட்டின் காலை அறுத்து உயரத்தைக் குறைத்தார். தலை தப்பியது. ஆனால் பெல்ட் மாட்டும் கொக்கி, சீட்டுக்கும் கியருக்கும் நடுவில் புதைந்துபோனது. அதற்கு நீளமான வேறொரு கொக்கியை வாங்கி மாட்டினார்கள். மாட்டும்போது எந்த ஒயர் எதோடு உறவு கொண்டாடியதோ, வண்டியைக் கிளப்பியதும் பெல்ட் போடச் சொல்லி கார் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. காலி சீட்டில் யாரோ உட்கார்ந்திருப்பதாக அது நம்பிவிட்டது.

வீடு போய்ச் சேரும்வரை கத்தல் ஓயவில்லை. சிக்னலில் நின்ற பக்கத்து வண்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சீட்டில் ஆளைக் காணாமல் ஆய்வாளரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மறுநாள் அவர் காலி சீட்டுக்கே பெல்ட்டைப் போட்டுவிட்டுக் கிளம்பினார். சத்தம் அடங்கியது. யாரும் இல்லாத இடத்துக்கு பெல்ட் போட்டு ஓட்டிக்கொண்டு போகையில் அவருக்குக் கத்தலே தேவலை என்று தோன்றியது.

மெக்கானிக் ஒயரை வெட்டினார். அதன் பிறகு, இடது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டால் ஹார்ன் அடித்தது.

"நல்லதுதானே சார், சைடுல வர்றவன் தானா ஒதுங்கிடுவான்" என்றார் மெக்கானிக். ஆய்வாளர் முறைத்த முறைப்பில் அதையும் சரிசெய்தார். சரிசெய்வதற்காக சீட்டைக் கழற்றி மாட்டியதில், சீட்டு லேசாக ஆட ஆரம்பித்தது. இனி ஆள் உட்கார்ந்து ஓடினால்தான் எங்கே ஆடுகிறதென்று தெரியும், யாரையாவது உட்கார வைத்து ரெண்டு நாள் ஓட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

யாரையாவது என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். ஆய்வாளர் எதிர்வீட்டுக்காரரைக் கேட்டார். அவருக்கு முதுகுவலியாம். அலுவலகத்தில் அடுத்த மேஜைக்காரரைக் கேட்டார். ஏற்கெனவே ஒருமுறை அவரோடு காரில் வந்தவர் அந்த மனிதர். தனக்கு பஸ்தான் வசதி என்று அவசரமாகச் சொல்லிவிட்டார். ஒரு சீட்டில் உட்காரச் சொல்லக்கூடத் தனக்கு இந்த ஊரில் ஓர் ஆள் இல்லை என்பது அன்று சாயங்காலம்தான் அவருக்கு உறைத்தது. வீட்டுக்குப் போய் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில், மாடி பூசியபோது மிச்சமான சிமெண்ட் மூட்டையைத் தூக்கி வந்து சீட்டில் வைத்து பெல்ட்டும் போட்டார்.

மூட்டை நல்ல துணையாக இருந்தது. முன்னால் போகிறவன் செய்கிற தப்பு என்ன, இந்த ரோட்டில் எந்த நேரத்தில் வரக்கூடாது, சமையலறைக் குழாயை எவ்வளவு திருகினால் போதும், மைத்துனி புருஷன் வீடு வாங்கியதில் எங்கெங்கே ஏமாந்தான் என்று எல்லாவற்றையும் வழக்கம்போல விளக்கிக்கொண்டே ஓட்டினார். மூட்டை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவளும் பேசியதில்லை. ஒரு திருப்பத்தில், "நான் சொல்றது சரிதானே?" என்று பழக்கதோஷத்தில் பக்கத்தில் பார்த்தார். அந்த நேரம் சீட்டு ஆடி, மூட்டை கொக்கியில் மாட்டிக் கிழிந்து, காருக்குள் சாம்பல் புழுதி கிளம்பியது. இருமிக்கொண்டே ஓரங்கட்டி நிறுத்தினார்.

ஆட்டத்தை மெக்கானிக் இறுக்கிவிட்டார். புழுதி படிந்த உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, கொட்டகை மூலையில் மெஷின் போட்டிருந்த சீட்டு தையல்காரர் புது உறை தைத்துப் போட்டார். எல்லாம் முடிந்ததும் ஆய்வாளர் முதல்முறையாகத் தானே பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அழுத்தினார், ஆட்டினார், சாய்ந்தார். ஒரு குறை சொல்ல முடியவில்லை. ஷோரூம்காரன் கேட்டதில் பாதிகூட ஆகவில்லை என்ற சந்தோஷம் வேறு.

"அவ ஒரு தடவை வந்து உட்கார்ந்து பார்த்தா போதும்" என்றார்.

கூப்பிட வேண்டியதுதானே என்றார் தையல்காரர். தன் நம்பரைப் பார்த்தால் அவள் எடுப்பதில்லை என்று ஆய்வாளர் தரையைப் பார்த்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். அதற்கென்ன, என் போனிலிருந்து போடலாம் என்று நல்ல மனதோடு தையல்காரர் தன் போனை எடுத்தார். ஆய்வாளர் மனப்பாடமாக நம்பரைச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாகத் தட்டினார். கடைசி எண்ணில் திரையில் பெயர் வந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, நம்ம ஒத்தை சீட்டு அக்கா! இவங்கதான் உங்க வீட்டம்மாவா சார்? புது ஸ்கூட்டர் எடுத்த கையோட இங்க வந்து, பின் சீட்டைக் கழட்டிட்டுப் பெட்டி மாட்டிக் குடுன்னாங்க. கூட யாராவது ஏறணும்னு வந்தா என்னக்கா பண்ணுவீங்கன்னு கேட்டேன். அதுக்குத்தான் தம்பி கழட்டச் சொல்றேன்னாங்க."