விடுதிப் பலகையில் என் முகம்

பார்டன்டவுன்,
1776 அக்டோபர், இரண்டாம் ஞாயிறு.

பர்லிங்டனில் இருக்கும் என் மூத்தவர் ஓபதியா அண்ணனுக்கு, தம்பி ஏனோக் ஆப்பிள்கேட் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம். உங்கள் மூட்டுவலியும் அண்ணியின் கோபமும் தணிய ஆண்டவரை வேண்டுகிறோம்.

நிற்க. என் மகள் கெசாயாவைப் பெண் கேட்டிருப்பவர் காங்கிரஸ் உறுப்பினர் லெமுவேல் ரட். அரசர் இனி வேண்டாம் என்று எழுதிய அந்தப் பெரிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். பிடிபட்டால் தூக்கு. அது போதாதென்று ஹார்ப்சிகார்ட் வாசிக்கிறார், பாட்டுக் கட்டுகிறார், படமும் போடுகிறார். சபையில் மற்றவர்கள் மூன்று மணி நேரம் பேசினால், இவர் அவர்கள் மோவாயை வரைந்துகொண்டிருப்பாராம். நாடு இப்படித்தான் பிறந்திருக்கிறது அண்ணா.

நம் விடுதிப் பலகையில் அரசர் தலை இருந்ததல்லவா, இப்போது எல்லா விடுதிக்காரரும் அரசரை அழித்துவிட்டு நம் படைத் தளபதியை வரைந்துகொள்கிறார்கள், நானும் வரப்போகிற மாப்பிள்ளைதானே என்று இவரிடம் ஒப்படைத்தேன். நீலக்கோட்டு, வாள், குதிரை எல்லாம் பிரமாதம். பலகையை மூடிய துணியை இழுத்ததும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. குதிரைமேல் உட்கார்ந்திருப்பது நான். அதே தொங்கு கன்னம், அதே மூக்கு.

"என்ன தம்பி, தளபதியை வரையச் சொன்னா என்னைப் போட்டு வெச்சிருக்கீங்க?"

"தளபதியை நான் கிட்டத்துல பார்த்ததில்ல மாமா. நீங்கதான் நாற்காலியில அசையாம தூங்குறீங்க."

கொல்லன் பர்னபா சும்மா இருப்பானா? "ஏனோக்கு, குதிரைக்கு மூச்சு வாங்குது, கொஞ்சம் இறங்குப்பா" என்றான்.

நானும் சிரித்தேன். பிறகுதான் யோசித்தேன். நியூயார்க் அரசர் படையிடம் விழுந்தாயிற்று. சிவப்புக் கோட்டுக்காரன் இந்தப் பக்கம் வந்தால் பலகையைப் பார்ப்பான், கீழே நிற்கிற என்னைப் பார்ப்பான். முதல் கயிறு எனக்கு, அடுத்தது மாப்பிள்ளைக்கு. பெண்ணுக்கு ஒரே நாளில் அப்பனும் இல்லை, புருஷனும் இல்லை. அதனால் பெரியப்பா என்கிற முறையில் 'சம்மதமில்லை' என்று நீங்களே ஒரு வரி எழுதிவிடுங்கள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் போதாது.

ஆண்டவர் உங்கள் தோட்டத்து ஆப்பிளையும் அண்ணியின் பொறுமையையும் குறைவில்லாமல் காப்பாராக.

அன்புத் தம்பி,
ஏனோக்

பி.கு.: மடிப்பதற்குள் கெசாயா படித்துவிட்டாள். "அவர் அந்தக் காகிதத்துல சொந்தப் பேரையே எழுதிக் கொடுத்துட்டு நிம்மதியா பாட்டுக் கட்டுறார். நீங்க ஒரு படத்துக்குப் பயந்து என்னை வீட்டுல அடைச்சு வைப்பீங்களாப்பா?" என்றாள். ஆகவே அந்த ஒரு வரியை நீங்கள் எழுத வேண்டாம். வியாழக்கிழமை கல்யாணம். உங்கள் பக்கம் வருகிறவர் வேறு யாருமில்லாததால் இதை மாப்பிள்ளை கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அவருக்கு நல்ல சாப்பாடு போடுங்கள். அவர் கிளம்பிப் போகும்வரை இதைப் பிரிக்காதீர்கள். நீங்கள் கடிதம் படித்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கும்.