அம்மன் வில்லுக்கு ஒரு நாண்

என் மனைவி குமுதாவை இந்த நவராத்திரியில் நாலு சாயங்காலமாவது வீட்டில் உட்கார வைத்தே தீருவதென்று சபதம் போட்டேன். மனதுக்குள்தான். வாய்விட்டுப் போட்டுவிட்டு யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

கிள்ளான் துறைமுகத்தில் முப்பத்து மூன்று வருஷம் லோரிகளுக்குக் கேட் திறந்துவிட்டு ரிட்டையரானவன் நான். அங்கே நாளைக்கு இருநூறு பேர் 'பாஸ்' என்று கூப்பிட்டார்கள். இப்போது வீட்டில் என்னைக் கூப்பிடுவது ரைஸ் குக்கர் மட்டும். அதுவும் ஒரே ஒரு 'டிக்'. குமுதா கோயில் மகளிர் குழுத் தலைவி. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பினால் சாப்பாட்டு வேளைக்குத்தான் வருவாள். நான் சீலிங் ஃபேனோடு பேசிக்கொண்டிருப்பேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், சில நாள் அழுகையே வந்துவிடும்.

எங்கள் தாமான் குடியிருப்புக் கோயிலில் விஜயதசமியன்று அம்மன் வாழைமரத்தின் மேல் அம்பு விடுவாள். அம்மனுக்காக வில்லை வளைப்பவர் குருக்கள். போன வருஷம் நைலான் நாண் அவிழ்ந்து, அம்பு அவர் கால் பக்கத்திலேயே விழுந்தது. இந்த வருஷம் நல்ல நார் நாண் வேண்டும் என்று குமுதா புலம்பிக்கொண்டிருந்தாள்.

யூடியூபில் தேடினேன். வில் நாணுக்கான செடி எங்கள் வாசலிலேயே ஆறு தொட்டிகளில் நின்றது. மருள். கத்தி மாதிரி நிமிர்ந்த இலை. குமுதா 'ஸ்நேக் பிளாண்ட்' என்று செல்லமாக வளர்ப்பது.

"நாண் நான் திரிச்சுத் தரேன்" என்றேன்.

"நீங்களா? கைலி முடிச்சே இடுப்புல நிக்கமாட்டேங்குது!"

"அது வேற, இது வேற. ஆனா இதுக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் புடிச்சுக்கணும், ஒருத்தர் திரிக்கணும்."

"பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுங்க லா."

"அம்மன் காரியம், குமுதா. நீ புடிச்சாத்தான் சுத்தம்."

அடங்கிவிட்டாள். எனக்கே நம்ப முடியவில்லை.

இலைகளை வெட்டினேன். பலகையில் போட்டுக் கரண்டியால் சுரண்டினேன். பச்சைச் சதை வழிந்து போய், உள்ளே தலைமுடி மாதிரி வெள்ளை நார். அலசிக் காயவைத்தேன். முதல் சாயங்காலம் குமுதா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். நான் நாரை இரண்டு புரியாகப் பிரித்து வலப்பக்கம் முறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக இடப்பக்கம் சுற்றினேன். அவள் குழுவிலுள்ள ஷாமினி பொங்கலில் உப்பை மறந்த கதையைச் சொன்னாள். சிரித்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஐயா! ஒரு சாண் நாணுக்குள் எனக்குப் பத்து வயது குறைந்தது.

நாண் முடிந்தால் கதை முடிந்துவிடுமே? மறுநாள் காலை அவள் குளிக்கப் போனதும் முழுவதையும் பிரித்துப் போட்டேன்.

"முறுக்கு நிக்கல. மறுபடியும் திரிக்கணும்."

"ஐயோ பாவம்" என்று மறுபடியும் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும். மூன்று சாயங்காலம். ஃபேனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

நாலாம் நாள் நான் மத்தியானத் தூக்கம் போட்டு எழுந்தபோது, குமுதா பட்டுப்புடவையில் நின்றாள். கையில் நாண். முழு நீளம். இழுத்தால் 'டங்' என்றது.

"யார் புடிச்சுக்கிட்டா?" என்று பதறினேன்.

"என் கால் கட்டைவிரல்தான். நீங்க பார்த்த யூடியூப் வீடியோவைக் கடைசிவரைக்கும் நானும் பார்த்தேன். ஒரே ஆள் போதும்னு அதுல வர்ற அம்மா சொல்றாங்க. நீங்க குறட்டை விட்டு முடிக்கறதுக்குள்ள நான் திரிச்சு முடிச்சேன்."

பிடிபட்டேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"வீட்ல தனியா இருக்க முடியலை, குமுதா. நீ கொஞ்ச நேரம் கூட இருப்பேன்னுதான்..."

வாசலில் மொட்டையாக நின்ற ஆறு தொட்டிகளையும் பார்த்தாள்.

"இதைச் சொல்லவா என் செடியை எல்லாம் அறுத்தீங்க? வாயைத் திறந்து கேட்டிருந்தா நவராத்திரி முழுக்க இருந்திருப்பேனே. இப்ப நாணைக் குருக்கள்கிட்ட ஒப்படைக்கணும். லேட்டாச்சு."

செருப்பை மாட்டினாள். கிரில் கேட்டைத் திறந்தவள், திரும்பினாள். நான் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க. இனிமே உங்களைத் தனியா விடமாட்டேன். தசமியன்னைக்கு அம்பு விடறப்போ வாழைமரத்தைப் புடிச்சுக்க ஆள் கெடைக்கலையாம். உங்க பேரைக் குடுத்துட்டேன்."