செயலாளர் ஒருவரையும் பார்ப்பதில்லை

"இண்டைக்கு இராசேஸ்வரி அக்காவும் சொல்லிப்போட்டா," என்றாள் விமலேஸ்வரி, அரிசி அரித்தபடியே. "சங்கக்கடை வாசலில நிண்டு சிரிச்சவாவாம். நீங்கள் திரும்பியும் பாக்காமப் போனியளாம்."

பரமேஸ்வரன் பத்திரிகையை மடித்தார். "நான் காணேல்லை."

"கைக்கெட்டின தூரத்தில நிண்டவாவாம்."

"காணேல்லை எண்டால் காணேல்லைதான்."

கண்டாவளைப் பக்கத்தில் தெருவில் ஒருவரைக் கண்டால் "எங்கை போறியள்?" என்று கேட்டுவிட்டுத்தான் நகரவேண்டும். அவர் எங்கே போகிறார் என்பது நன்றாகத் தெரிந்திருந்தாலும் கேட்கவேண்டும். கேட்காமல் போகிறவனுக்கு ஒன்றில் வீட்டில் சாவு, இல்லாவிட்டால் தலைக்கனம். பரமேஸ்வரன் வீட்டில் அண்மையில் யாரும் சாகவில்லை. அவர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பின் செயலாளராகத் தெரிவாகி ஒரு வருடம் ஆகிறது. ஆகவே ஊர் தன் முடிவுக்கு வந்துவிட்டது.

ஊர் சொன்னதை அவர் பொறுத்துக்கொண்டார். தம்பி சுதாகரன் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. கோயில் திருவிழாவில் பக்கத்தில் வந்து நின்ற தம்பியோடு ஒரு சொல் பேசாமல் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாராம். "பதவி வந்த உடனை அண்ணைக்குத் தம்பி தெரியேல்லை" என்று அவன் தேத்தண்ணிக் கடையில் வைத்துச் சொல்லியிருக்கிறான்.

பரமேஸ்வரனிடம் வேறு கதை இருந்தது. பரந்தன் சந்தியில் அவர் பஸ்ஸுக்கு நின்றபோது, தம்பிதான் அவரை உரசிக்கொண்டு நடந்துபோனான், ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இந்தக் கதையை ஊரில் ஒருவரும் நம்பவில்லை. விமலேஸ்வரியே நம்பவில்லை.

இதெல்லாம் இரண்டு கிழவர்களின் கோபமென்று விட்டுவிடலாம். ஆனால் மகள் சாரங்காவுக்கு ஆவணியில் கலியாணம். இடம்பெயர்ந்து போன நாட்களில் காய்ச்சலோடு கிடந்த அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவன் சுதாகரன். "சித்தப்பா வராத பந்தலில நான் இருக்கமாட்டன்" என்று அவள் ஒரே ஒருமுறை சொன்னாள். அவள் சொன்னால் சொன்னதுதான் என்று தகப்பனுக்குத் தெரியும்.

"ஒருக்கா டொக்டரிட்டைக் கண்ணைக் காட்டுங்கோவன்," என்றாள் விமலேஸ்வரி.

அவர் பத்திரிகையை மறுபடி விரித்து, மரண அறிவித்தலில் அடியில் கிடந்த பொடி எழுத்தை வாசித்தார். "கனடாவில இருக்கிற பூட்டப்பிள்ளையின்ர பேர் வரைக்கும் கண்ணாடி இல்லாமல் வாசிக்கிறன். எனக்கென்ன கண்ணில?"

அது உண்மைதான், பெயரைப் பிழையின்றி வாசித்தார். பிறகு எழுந்து, வலப்பக்கம் கிடந்த கதிரையில் இடித்துக்கொண்டு, அதை அங்கே வைத்தது யாரென்று வீட்டாரை ஏசினார்.

கண்ணில் குறை இல்லையென்றால் பழக்கத்தைத்தான் மாற்றவேண்டும். மறுநாளிலிருந்து மோட்டச்சைக்கிளில் போகும்போது ஆள் நின்றாலும் நிற்காவிட்டாலும் இரண்டு பக்கமும் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டு போவதென்று அவர் முடிவெடுத்தார். சந்தைத் தெருவில் அது நன்றாகவே வேலை செய்தது. வாய்க்கால் கரையில் வேலை செய்யவில்லை. மதகடியில் பெண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் அவர்கள் பக்கமாகத் தலையை ஆட்டி, வாய் நிறையச் சிரித்து, ஆறுதலாகக் கடந்துபோனார்.

அன்று பின்னேரமே, குளித்தவர்களில் ஒருத்தியான ஜெயரூபியின் புருசன் வீட்டுப் படலையடிக்கு வந்துவிட்டான். "நீங்கள் பெரிய மனுசன். அதுதான் மரியாதையாச் சொல்லிப்போட்டுப் போறன்."

செயலாளர் ஒருவரையும் பார்ப்பதில்லை என்ற பெயர் அன்றோடு போயிற்று. பார்க்கக்கூடாதவர்களைப் பார்க்கிறார் என்ற பெயர் வந்தது.

தலையாட்டுவதை நிறுத்திவிட்டு ஹோர்ன் அடிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு படலைக்கும் ஒரு ஹோர்ன். யாருக்கும் குறை வைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு வீட்டு வாசலில் பந்தல் போட்டுச் சனம் கூடியிருந்தது. பந்தல் ஓரத்தில் நின்ற சனம் அவர் கண்ணில் படவில்லை, படலை மட்டும் பட்டது. நல்ல மனதோடு இரண்டுதரம் அடித்துவிட்டுப் போனார். உள்ளே அப்போதுதான் பிரேதத்தை எடுக்கப் போனார்கள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒரு கணம் நிறுத்தி, யாரென்று எட்டிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்களாம்.

"செத்தவீட்டுக்கும் ஹோர்ன் அடிக்கிறார்," என்று வந்து சொன்னாள் இராசேஸ்வரி. அவளுக்கு இப்போது கோபம் தீர்ந்து பரிதாபமே வந்திருந்தது. "உன்ர மனுசனுக்கு ஏதும் செய்வினையோ தெரியேல்லை, விமலா."

செய்வினைக்கு மருந்து தேடாமல் விமலேஸ்வரி தானே பின்னால் ஏறி உட்கார்ந்தாள். இடப்பக்கம் ஆள் நின்றால் இடத் தோளில் தட்டுவாள். வலப்பக்கம் என்றால் வலத் தோளில். இவர் அந்தப் பக்கம் திரும்பி "எங்கை போறியள்?" என்று கேட்கவேண்டும். இந்த ஏற்பாடு பழுதில்லாமல் நடந்தது. ஊரும் கொஞ்சம் இறங்கி வந்தது.

அப்படி ஒரு காலையில்தான் வலப்பக்க ஒழுங்கையால் சுதாகரன் வந்தான். சைக்கிள் கரியரில் யூரியாப் பை. விமலேஸ்வரிக்கு இது கடவுள் தந்த சந்தர்ப்பமாகத் தெரிந்தது. கணவரின் வலத் தோளில் படபடவென்று தட்டினாள். "தம்பி வாறார், தம்பி வாறார். கதையுங்கோ."

பரமேஸ்வரன் நெஞ்சு நிறைந்த அன்போடு வலப்பக்கம் முழுதாகத் திரும்பினார். மோட்டச்சைக்கிளும் அவரோடு சேர்ந்து திரும்பியது. எதிரே வந்த சுதாகரனோ பிரேக்கும் பிடிக்கவில்லை, விலத்தவும் இல்லை. மூவரும் யூரியாவும் வாய்க்காலுக்குள் போனார்கள்.

முதலில் எழும்பியவன் சுதாகரன். "இவ்வளவு நாளும் பாக்காமப் போனியள். இண்டைக்குப் பாத்து இடிக்கிறியள்."

"நீ ஏன்ரா விலத்தேல்லை? இவ்வளவு பெரிய வாகனம் வாறது உனக்குத் தெரியேல்லையே?"

சுதாகரன் கரைந்துகொண்டிருந்த யூரியாவைப் பார்த்தான். சைக்கிளைக் கரையில் இழுத்துப் போட்டான். "கலியாணம் சொல்ல எண்டு என்ர படலைக்கு வராதேங்கோ, அண்ணை," என்று மட்டும் சொல்லிவிட்டு உருட்டிக்கொண்டு போனான்.

அன்று இரவு சாரங்கா சாப்பிடவில்லை. தகப்பன் அவளுடைய சோற்றை மூடி வைத்தார். தம்பியை இடிக்க அவர் நினைக்கவில்லை. ஆனால் இடித்தது அவர்தான். இதை எவரிடம் போய்ச் சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்பதை நினைக்க அவருக்குக் கண் கலங்கியது.

அந்தக் கிழமைதான் பொதுநோக்கு மண்டபத்தில் கண் பரிசோதனை முகாம். செயலாளர் என்ற முறையில் பரமேஸ்வரன் விளக்கேற்றித் தொடக்கிவைக்க வேண்டும். அண்ணன் தொடக்கிவைக்கிற இடத்துக்குத் தான் வரப்போவதில்லை என்று சுதாகரன் முன்கூட்டியே ஆள்விட்டுச் சொல்லியிருந்தான்.

பரமேஸ்வரன் நன்றாகவே பேசினார். "நாப்பது வயதுக்குப் பிறகு எல்லாரும் ஒழுங்காக் கண்ணைக் காட்ட வேணும். நோகட்டும், மங்கட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கக் கூடாது. சில வருத்தம் நோகாமலே கண்ணைக் கொண்டுபோயிடும்."

"அப்ப செயலாளர் எத்தினைதரம் காட்டினவர்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. மதகடிக் குரல்.

மண்டபம் சிரித்தது. வேறு வழியில்லாமல் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார்.

எழுத்துப் பலகையை மேலிருந்து கீழ்வரை, ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாக, கணீரென்று வாசித்தார். கடைசி வரியை இரண்டுதரம் வாசித்தார். வாசித்து முடித்து விமலேஸ்வரியை ஒரு பார்வை பார்த்தார்.

டொக்டர் இளம் பெண். கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் முகத்துக்கு முகம் உட்கார்ந்தாள். "இடக்கண்ணைப் பொத்துங்கோ ஐயா. என்ர மூக்கை மட்டும் பாருங்கோ. நான் பக்கத்தால விரலை ஆட்டிக்கொண்டு வருவன். தெரியேக்க சொல்லுங்கோ."

அவர் மூக்கைப் பார்த்தார். மண்டபமும் பார்த்தது. டொக்டர் கையைப் பக்கவாட்டில் நீட்டி விரல்களை ஆட்டினாள். மெல்ல உள்ளே கொண்டுவந்தாள். கை அவருடைய காதுக்கு நேரே வந்தது. கன்னத்துக்கு நேரே வந்தது. பின்வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்கள்.

பரமேஸ்வரன் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு பணிவோடு கேட்டார்: "இன்னும் துவங்கேல்லையோ, டொக்டர்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. விமலேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதன்பின் கண்ணில் மரத்துப்போகும் மருந்து விட்டு, பேனை போன்ற ஒரு கருவியால் தொட்டுப் பார்த்தாள் டொக்டர். கண்பாவையை விரிக்கும் இன்னொரு மருந்து விட்டு, கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லி, வெளிச்சம் பாய்ச்சி உள்ளே பார்த்தாள்.

"கண்ணுக்குள்ள பிறசர் கூட, ஐயா."

"எனக்குப் பிறசர் இல்லை. போன மாதமும் கிளினிக்கில பாத்தவை."

"அது இரத்தத்தில. இது கண்ணுக்குள்ள. பார்வையைக் கொண்டுபோற நரம்பை இது கரையில இருந்து மெல்ல மெல்லச் சாகடிக்கும். நோகாது. நடுப் பார்வை கடைசி மட்டும் நிக்கும். அதாலதான் நீங்கள் எல்லாம் வாசிக்கிறியள்."

"கண்ணாடி போட்டால் சரிவருமோ?"

"இல்லை ஐயா. போன பார்வை இனி வராது. மிஞ்சியிருக்கிறதைக் காப்பாத்தலாம். ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தாறன். மோட்டச்சைக்கிளை இண்டையோட விடுங்கோ. மருந்து ஒவ்வொரு நாளும் விட வேணும். சொல்லுற நேரத்துக்கு வந்து காட்ட வேணும். இரண்டு வருசத்துக்கு முதல் வந்திருந்தால் கன பார்வை மிஞ்சியிருக்கும்."

அவர் தலையாட்டினார். வாசல் பக்கம் ஒதுங்கி வாங்கில் உட்கார்ந்தபோது விமலேஸ்வரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இராசேஸ்வரி வந்து நேரே முன்னால் நின்று, "நான் தெரியாமக் கதைச்சுப்போட்டன், தம்பி," என்றாள். ஜெயரூபியும் வந்து அவளோடு நின்றாள். பார்வை போனதைக் கேட்ட அந்த நேரத்திலும் பரமேஸ்வரனுக்கு மனதில் ஒரு சுமை இறங்கியது. அவர் ஒருவரையும் கண்டுவிட்டு ஒதுங்கிப் போகவில்லை. அதை இனி ஊரே சாட்சி சொல்லும்.

தாதி மேனுகா மருந்துப் போத்தலைக் கொண்டுவந்து எப்படி விடுவதென்று காட்டினாள். "இது குடும்பத்துக்குள்ள வாற வருத்தம், ஐயா. கூடப்பிறந்தவை இருந்தால் அவையும் கட்டாயம் காட்ட வேணும். ஆரும் இருக்கினமோ?"

"ஒரு தம்பி இருக்கிறான் மிஸ். எனக்கு இளையவன்," என்றார் பரமேஸ்வரன். "அவனுக்குக் கண்ணில ஒரு பிழையுமில்லை, மனசிலதான் பிழை. பரந்தன் சந்தியில நான் நிக்க, என்னை உரசிக்கொண்டு போனவன். திரும்பியும் பாக்கேல்லை."

மேனுகா போத்தலை மூடிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"நீங்கள் அவருக்கு எந்தப் பக்கத்தில நிண்டனீங்கள், ஐயா?"