கல்யாணச் சோறு இறங்கிய ஆலை

சுவிஸ் நாட்டுப் பூம்ப்ளிஸில் இருந்துகொண்டு இங்கிலாந்தின் பழைய நீராலை ஒன்றைக் கல்யாண மண்டபத்துக்குள் கொண்டுபோய் வைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கீழ்வீட்டுக் கொத்தண்ணை. கொத்துரொட்டி போடும் கைக்குக் கிடைத்த பெயர். சொந்தப் பெயர் அவருடைய கடிதப்பெட்டிக்கு மட்டுந்தான் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் நான். கட்டடக்கலை. அந்தப் பெருமையில் எதைக் கீறினாலும் நாலு பேருக்குக் காட்டிவிடுவேன். அப்படித்தான் ஒருநாள், படிப்புக்காகக் கீறிய அந்த இங்கிலாந்து மாவு ஆலைப் படத்தை அவருக்குக் காட்டினேன். கீழே செங்கல், மேலே வெள்ளைப் பலகைச் சுவர், கூரைக்கடியில் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு மரக்கூடு.

"இந்த மூக்கு என்னத்துக்கு, பிள்ளை?"

"அதுக்குள்ளாலை கயிறு வரும், அண்ணை. தண்ணியிலை சில்லு சுத்த, கோதுமை மூட்டை உச்சி மாடிக்குப் போகும். பிறகு ஒருத்தரும் தூக்கத் தேவையில்லை, தானா இறங்கும். நடு மாடியிலை கல்லு அரைக்கும், கீழை மா வரும்."

"அப்ப இது வீடில்லை. பெரிய புனல்!"

இரவு பகலாகக் கீறிய படம் அந்த நொடியில் புனலாகிப் போனது.

அப்போது அவர் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். டீட்டிகோன் நகரில் ஒரு கல்யாணச் சமையல் முதன்முதலாகக் கைக்கு வந்திருந்தது. சரிவந்தால் சொந்தத் தொழில். சரிவராவிட்டால் ஓய்வூதியம் வரை சவர்க்கார நுரை. சிக்கல் என்னவென்றால், மண்டபத்தின் சமையலறை மேல் மாடியில். படியால் இறக்குவதற்குள் சோறு ஆறிவிடும். ஆறிய சோற்றை எங்கள் சனம் மன்னித்ததாக வரலாறே இல்லை.

கொத்தண்ணை என் புனலை நினைத்துப் பளபளக்கும் உருக்குக் குழாய் வாங்கினார். ஒத்திகை எங்கள் மாடிப்படியில். கொட்டிய அரிசியில் பாதி கட்டடப் பராமரிப்பாளரின் தலையில் விழுந்தது. அந்தச் சுவிஸ்காரர் தலையைத் தட்டிக்கொண்டு ஜேர்மனில் ஏதோ கேட்டார்.

"என்னவாம், பிள்ளை?"

"இது நவீன கலையோ எண்டு கேக்கிறார்."

"ஓம் எண்டு சொல்லு! கலைக்கு வழக்குப் போடமாட்டாங்கள்."

கல்யாணத்தன்று மேல்மாடிக் கைப்பிடியிலிருந்து சாப்பாட்டு மண்டபத்துக்குக் குழாய் சரிந்து நின்றது. கீழே சேலையைச் செருகிக்கொண்டு பெரிய சோற்றுக் கிடாரத்துடன் நான்.

"விடட்டோ?"

"விடுங்கோ, அண்ணை!"

ஆவி பறக்கச் சோறு இறங்கியது. சனம் எழும்பிக் கைதட்டியது. கிடாரம் நிறைந்தது. சோறு நிற்கவில்லை. ஆலையில் தானியத்தை மறிக்க ஒரு பலகை இருக்கும். நான் படத்தில் கீறியிருந்தேன், அவர் குழாயில் அதைப் பொருத்தவில்லை.

"நிப்பாட்டுங்கோ!"

"எப்பிடி நிப்பாட்டுறது? நீயெல்லோ படிச்சனி!"

பதறிப்போய்க் குழாயைத் திருப்பினார். மிச்சச் சோறு பெண்ணின் தகப்பனுடைய தோளில் இறங்கியது.

கொத்தண்ணை மேலே வெளிறிப்போய் நின்றார். அவருடைய எதிர்காலம் ஒரு பட்டுச் சால்வையில் ஆவிவிட்டுக்கொண்டிருந்தது.

தகப்பன் சால்வையிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டார். மெல்ல நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, அறுகரிசி போட்டு வாழ்த்தினது மேடையிலை முடிஞ்சுது. இது அவிச்ச அரிசி."

"ஓம், ஐயா..."

"ஆனா சுடுது. இந்த நாட்டிலை கலியாண வீட்டுச் சோறு எனக்குச் சுட்டதே இல்லை. மகன்ரை கலியாணத்துக்கும் நீர்தான் சமையல். குழாய்க்கு ஒரு மூடி போடும்."

கொத்தண்ணை அந்த மாதமே கோப்பை கழுவுவதை விட்டார்.

மகனுடைய கல்யாணத்துக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. ஆனாலும் சேலை கட்டிக்கொண்டு போனேன். கீழே நின்று மூடியைப் பிடிக்க அவருக்கு ஓர் ஆள் வேண்டுமே.